மூன்று நாடுகளுக்குத் தலைமை தாங்கியும் ஒரு டெஸ்ட் கூட ஆடாதவர்: துடுப்பாட்ட வீரர் சதாசிவம்

திருகோணமலையில் மாலை ஐந்து மணிக்குப் பிறகு எந்த வெறும் நிலத்தைப் பார்த்தாலும் அங்கே ஒரு கிரிக்கெட் ஆட்டம் நடக்கும். கடற்கரை மணலில், உட்துறைமுக வீதியோரம், மக்கெய்சர் மைதானத்தின் ஒரு மூலையில் என்று பிள்ளைகள் மென்பந்தை அடித்துக்கொண்டிருப்பார்கள். அவர்களிடம் இலங்கைக்கு ஆடிய தமிழர் யார் என்று கேட்டால் தயங்காமல் முரளிதரன் என்பார்கள். அவருக்கு முன்னால் யார் என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. அவர்களின் தகப்பன்மாருக்கும் அநேகமாகத் தெரியாது. பேரன்மார் காலத்தில் கொழும்பில் வேலை பார்த்த ஒருவர் வீட்டில் இருந்தால் மட்டும் ஒரு பெயர் வரும்: சதா.

மகாதேவா சதாசிவம். இலங்கை, சிங்கப்பூர், மலாயா என மூன்று நாடுகளின் அணிகளுக்குத் தலைமை தாங்கியவர். சென்னைச் சேப்பாக்கத்தில் இரட்டைச் சதம் அடித்தவர். டொன் பிரட்மனோடு நாணயச் சுழற்சிக்கு நடந்து போனவர். மனைவியைக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்டு ஏறத்தாழ இருபது மாதம் சிறையில் இருந்து விடுதலையானவரும் அவர்தான். அவர் பெயரைச் சொன்னவுடன் பலருக்கு இந்தக் கடைசி விடயம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. அவருடைய ஆட்டத்தை நேரில் பார்த்தவர்கள் இன்று அநேகமாக இல்லை. ஆகவே இரண்டையும் சேர்த்தே சொல்லவேண்டியிருக்கிறது.

கப்பல்களோடு வந்த ஆட்டம்

சதாசிவம் பிறந்தது 1915 ஒக்டோபர் 18. இலங்கை அப்போது பிரித்தானியக் குடியேற்ற நாடு. படித்தது கொழும்பு வெஸ்லி கல்லூரியில். அக்காலத்தில் கிரிக்கெட் கொழும்பிலும் கண்டியிலும் யாழ்ப்பாணத்திலும் இருந்த ஆங்கிலப் பாடசாலைகளின் விளையாட்டு. கொழும்பில் அதற்கு இன்னொரு வசதியும் இருந்தது. அது துறைமுகம்.

திருகோணமலைக்காரர் இதைக் கொஞ்சம் கவனிக்கவேண்டும். இயற்கைத் துறைமுகம் நம்முடையது. ஆழமும் காப்பும் நம்மிடம்தான் இருந்தன. ஆனால் ஆங்கிலேயர் அதைப் போர்க்கப்பல்களுக்கு ஒதுக்கினார்கள். அலைதடுப்புச் சுவர் கட்டி உருவாக்கிய கொழும்புத் துறைமுகத்துக்குப் பயணிகள் கப்பல்களை விட்டார்கள். இங்கிலாந்துக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் இடையே சுயெஸ் வழியாகப் போய்வரும் கப்பல்கள் கொழும்பில் தரித்துத்தான் போகும். கப்பலில் இவ்விரு நாடுகளில் ஒன்றின் அணி இருந்தால், அது துறைமுகத்தில் நிற்கும் அந்த ஒரு பகலில் வீரர்கள் கரையிறங்கி இலங்கையரோடு ஒரு ஆட்டம் ஆடிவிட்டு மாலையில் கப்பலேறுவார்கள். உலகின் தலைசிறந்த பந்துவீச்சாளர்களை இலங்கை ரசிகர்கள் பார்த்ததெல்லாம் இப்படி ஓரிரு மணிநேரம்தான். டெஸ்ட் தகுதி இல்லாத ஒரு நாட்டின் துடுப்பாட்ட வீரருக்குத் தன்னை உலகத்துக்குக் காட்ட இதைவிட்டால் இந்தியாவோடு அவ்வப்போது நடக்கும் போட்டிகள் மட்டுமே இருந்தன.

பாடசாலை நாட்களிலேயே சதாசிவத்தின் துடுப்பைப் பற்றிக் கொழும்பு பேசத் தொடங்கியிருந்தது. உயரமோ உடற்பலமோ அவருடைய மூலதனம் இல்லை. பந்து கையை விட்டு வரும்போதே அது எங்கே விழும் என்று கணிக்கும் கண்ணும், அதற்கேற்ப முன்னேயோ பின்னேயோ நகரும் காலும்தான். அவரைப் பார்த்தவர்கள் எல்லோரும் சொல்லி வைத்த அடி ஒன்று உண்டு: லேட் கட். பந்து துடுப்பாட்ட வீரரைத் தாண்டிப் போய்விட்டது, இனி விக்கெட் காப்பாளரின் கைக்குத்தான் என்று எல்லோரும் நினைக்கும் கணத்தில், மணிக்கட்டை மட்டும் மடக்கி அதை மூன்றாம் மனிதன் பக்கம் தட்டிவிடுவது. பலத்தால் இதைச் செய்ய முடியாது. ஒரு நொடியின் பத்திலொரு பங்கு முந்தினாலும் பிந்தினாலும் பந்து விளிம்பில் பட்டுப் பிடியாகிவிடும். இளம் வீரர்களுக்கு இதை முயலவே வேண்டாம் என்று பயிற்றுநர்கள் சொல்வார்கள். சதாசிவம் அதை வேகப்பந்துக்கும் சுழல்பந்துக்கும் அடித்தார்.

தமிழ் யூனியன்

கல்லூரியை விட்டபின் அவர் ஆடியது தமிழ் யூனியன் கழகத்துக்கு. 1899 இல் தொடங்கப்பட்ட இந்தக் கழகம் கொழும்பில் வாழ்ந்த தமிழ் உத்தியோகத்தர், சட்டத்தரணிகள், வைத்தியர்களின் கூடுமிடம். கொழும்பின் கழகங்கள் அப்போது இனத்தின் பெயராலேயே இருந்தன. சிங்களவருக்கு எஸ்.எஸ்.சி, பறங்கியருக்கு ஒன்று, சோனகருக்கு ஒன்று, தமிழருக்கு ஒன்று. ஞாயிற்றுக்கிழமை ஒருவருக்கெதிராக ஒருவர் ஆடுவார்கள். இலங்கை அணி என்று வரும்போது எல்லோரும் ஒன்றாக ஆடுவார்கள்.

அரச உத்தியோகத்தரான பி. சரவணமுத்துவின் முயற்சியால் வனாத்தமுல்லையில் சதுப்பு நிலத்தை நிரப்பிக் கழகத்துக்கு ஒரு மைதானம் அமைந்தது. 1940 இல் திறக்கப்பட்ட அந்தக் கொழும்பு ஓவல்தான் சதாசிவத்தின் அரங்கம். ஆனால் அவருக்கு இருபத்தைந்து வயதாகும்போது, ஒரு துடுப்பாட்ட வீரரின் நல்ல காலம் தொடங்கும் வேளையில், உலகப்போர் வந்து குறுக்கே நின்றது. 1942 ஏப்ரல் 5 ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. நான்கு நாள் கழித்து, ஏப்ரல் 9 காலையில், திருகோணமலைக்கு வந்தன. சீனன்குடாவில் ஒரு எண்ணெய்க் குதத்தின்மேல் விமானமொன்று விழுந்து நாட்கணக்கில் எரிந்ததை நம் ஊரின் பழையவர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அதே காலத்தில் கொழும்பு ஓவல் படையினர் வசமானது. வெளிநாட்டு அணிகளின் வருகை நின்றது. பிரட்மனும் ஹமண்டும் ஹட்டனும் போரில் இழந்த ஆண்டுகளைப் பற்றிப் புத்தகங்கள் எழுதப்பட்டிருக்கின்றன. சதாசிவம் இழந்த ஆண்டுகளை யாரும் கணக்கெடுக்கவில்லை.

சேப்பாக்கத்தில் 215

போர் முடியும் தறுவாயில், 1945 இல், விஜய் மேர்ச்சன்ட் தலைமையில் இந்திய அணி ஒன்று இலங்கைக்கு வந்தது. அந்த அணிக்கெதிராகச் சதாசிவம் 111 ஓட்டங்கள் எடுத்தார். அவருக்கு அப்போது இருபத்தொன்பது வயது. முதல்தரப் போட்டியில் அவருடைய பெயர் எழுந்தது அங்கிருந்துதான்.

இரண்டு ஆண்டு கழித்து, 1947 இல், இலங்கை அணி சென்னைக்குப் போனது. சேப்பாக்கத்தில் தென்னிந்திய அணியோடு போட்டி. சென்னை ரசிகர் கிரிக்கெட்டை நன்கு அறிந்தவர். யார் அடித்தாலும் நல்ல அடிக்குக் கைதட்டுவார், மோசமான பந்தை வீணாக்கினால் முகம் சுளிப்பார். அந்தக் கூட்டத்தின் முன்னால் சதாசிவம் 215 ஓட்டங்கள் குவித்தார். அதற்குமுன் அந்த மைதானத்தில் எந்த வீரரும் ஒரு இன்னிங்ஸில் அவ்வளவு எடுத்ததில்லை. அவர் வாழ்க்கையில் எடுத்த மிகப்பெரிய எண்ணிக்கையும் அதுதான்.

அந்த இன்னிங்ஸைப் பற்றி இரண்டு வகைக் கதைகள் நிலைத்தன. ஒன்று, களத்தடுப்பாளரை எங்கே நிறுத்தினாலும் அவரை விலக்கி இன்னொரு இடைவெளியில் பந்தை அனுப்பினார், அணித்தலைவர் ஆளை நகர்த்திக் களைத்துப் போனார் என்பது. மற்றது, முதல்நாள் இரவு விருந்தொன்றில் விடியும்வரை இருந்துவிட்டு வந்தே அப்படி ஆடினார் என்பது. இரண்டாவது கதையைச் சொல்வதில்தான் கொழும்பு அதிக இன்பம் கண்டது. நன்றாக உடுத்துவார், நடனமாடுவார், குடிப்பார், சொன்ன நேரத்துக்கு வரமாட்டார், ஆனால் துடுப்பைக் கையில் எடுத்தால் எல்லாம் மன்னிக்கப்படும். இதுதான் அவரைச் சுற்றி வளர்ந்த படிமம். எத்தனை இரவு விருந்துகளுக்குப் பின்னால் ஓட்டமெடுக்காமல் ஆட்டமிழந்தார் என்று அந்தக் கதைகள் எண்ணுவதில்லை. வீட்டில் காத்திருந்தவர்களையும் அவை கணக்கில் எடுப்பதில்லை.

பிரட்மனோடு ஒரு பகல்

1948 பெப்ரவரி 4 இலங்கை சுதந்திரம் பெற்றது. ஏழு வாரம் கழித்து, மார்ச் 27 ஆம் திகதி, இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டிருந்த பிரட்மனின் அவுஸ்திரேலிய அணி கொழும்பில் இறங்கியது. அந்தப் பயணத்தில் ஒரு போட்டியிலும் தோற்காமல் திரும்பிய அணி அது. ஓவலில் அவர்களை எதிர்கொண்ட இலங்கை அணியின் தலைவர் சதாசிவம்.

ஆட்டம் என்று பார்த்தால் அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. பிரட்மன் 20 ஓட்டங்களுடன் ஆட்டமிழந்தார். பார்க்க வந்த கூட்டம் ஏமாந்தது. 22 யார் இருக்கவேண்டிய ஆடுகளம் 20 யார்தான் இருந்தது என்பது பின்னர் தெரியவந்து, அந்தப் போட்டி கிரிக்கெட் வேடிக்கைகளில் ஒன்றாகிப்போனது. ஆனால் அந்தக் காட்சியை இன்று நினைத்துப் பார்க்கும் தமிழ் வாசகருக்கு அதில் வேறொன்று தெரியும். பிறந்து இரண்டு மாதம் ஆகாத ஒரு நாடு, உலகின் மிகப் பெரிய விளையாட்டு வீரரை வரவேற்கத் தன் சார்பில் ஒரு தமிழரை அனுப்பியது. மைதானமும் தமிழர் கழகத்தின் மைதானம். எவரும் அதைப் புதுமையாகப் பார்க்கவில்லை. அதே ஆண்டு நவம்பரில் நடைமுறைக்கு வந்த குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்தது. எட்டு ஆண்டில் தனிச்சிங்களச் சட்டம் வந்தது. 1948 மார்ச் மாதம் ஓவலின் நடுவில் நின்றவருக்கு அது எதுவும் தெரிந்திருக்க நியாயமில்லை.

1950 இல் கொமன்வெல்த் அணி இலங்கைக்கு வந்தது. பல நாட்டு வீரர்கள் சேர்ந்த வலுவான அணி. மேற்கிந்தியத் தீவுகளின் ஃபிராங்க் வொரெலும் அதில் இருந்தார். சதாசிவம் 96 ஓட்டங்கள் எடுத்தார். நான்கு ஓட்டங்களால் சதம் தவறியது. ஆனால் அவருடைய ஆட்டங்களில் மிகச் சிறந்தது சேப்பாக்கத்து 215 அல்ல, இந்த 96 தான் என்று பார்த்த பலர் கருதினார்கள். தான் கண்ட துடுப்பாட்ட வீரர்களில் சதாசிவத்தை முதல் வரிசையில் வைப்பதாக வொரெல் பின்னாளில் சொல்லியதாக இலங்கையில் மூன்று தலைமுறையாகப் பேசப்பட்டு வருகிறது. சோபர்ஸ் பெயரிலும் அப்படியொரு பாராட்டு உலாவுகிறது. அவர்கள் என்ன வார்த்தையில் சொன்னார்கள் என்பது ஆளுக்கு ஆள் மாறும். அவர் மொத்தமாக ஆடிய முதல்தரப் போட்டிகள் ஒரு டசின்கூட இல்லை. அவ்வளவு குறைந்த வாய்ப்பில் அவ்வளவு பெயர் எடுத்தவர் இலங்கையில் வேறு ஒருவர் இருப்பாரா என்பது ஐயமே.

1951 ஒக்டோபர் 9

அந்தக் கொமன்வெல்த் ஆட்டம் நடந்து இரண்டு ஆண்டு ஆகுமுன், பம்பலப்பிட்டி சென்ட் அல்பன்ஸ் பிளேஸில் இருந்த வீட்டின் வாகனக் கொட்டகையில் சதாசிவத்தின் மனைவி பரிபூரணம் ஆனந்தம் பிணமாகக் கிடந்தார். கழுத்து நெரிக்கப்பட்டிருந்தது. நான்கு பெண்பிள்ளைகளின் தாய். கணவரிடமிருந்து விவாகரத்துக் கோரி அவர் வழக்குத் தொடுத்திருந்தார்.

அன்றே சதாசிவம் கைது செய்யப்பட்டார். சில நாள் முன்னர்தான் வேலைக்குச் சேர்ந்திருந்த வில்லியம் என்ற வேலைக்காரர் பிடிபட்டு, பின்னர் மன்னிப்பளிக்கப்பட்டு, அரசதரப்புச் சாட்சியானார். எசமான் கொன்றார், தான் உதவினேன் என்பது அவருடைய சாட்சியம். சதாசிவம் காலை பத்தரை மணியளவில் வாடகைக் காரில் வீட்டைவிட்டுப் போனது உறுதியாகத் தெரிந்தது. ஆகவே வழக்கு முழுவதும் ஒரே கேள்வியில் வந்து நின்றது: ஆனந்தம் இறந்தது அதற்கு முன்னரா, பின்னரா?

1953 இல் நீதியரசர் நோயல் கிரேஷன் முன்னிலையில் யூரிமாருடன் 57 நாள் விசாரணை நடந்தது. எதிரிக்காக வாதாடியவர் கொல்வின் ஆர். டி சில்வா. 1956 இல் தனிச்சிங்களச் சட்டத்தை எதிர்த்துப் பேசியவரும், 1972 அரசியலமைப்பை வரைந்து தமிழரைக் கைவிட்டவரும் என்று நாம் இரு வகையிலும் நினைவில் வைத்திருக்கும் அதே கொல்வின். உடல் குளிர்ந்த வேகத்தையும் இரைப்பையில் இருந்த உணவையும் வைத்து இறந்த நேரத்தைக் கணிக்கச் சட்டமருத்துவப் பேராசிரியர்கள் மோதினார்கள். பேராசிரியர் ஜீ. எஸ். டபிள்யூ. டி சேரமின் கணிப்பு அரச தரப்புக்கு உதவவில்லை. எடின்பரோவிலிருந்து சேர் சிட்னி ஸ்மித் வரவழைக்கப்பட்டு எதிரிக்குச் சாதகமாகச் சாட்சி சொன்னார். பின்னர் தன் நினைவுக் குறிப்புகளிலும் இந்த வழக்கை எழுதினார். 1953 ஜூன் 25 ஆம் திகதி யூரிமார் சதாசிவத்தைக் குற்றவாளி அல்ல என்று தீர்த்தனர். இன்றும் சட்டமும் மருத்துவமும் படிக்கும் மாணவருக்கு இது ஒரு பாடம்.

சட்டத்தின் முன் அவர் நிரபராதி. அதில் மறுபேச்சு இல்லை. ஆனந்தத்தின் கொலைக்கு எவரும் தண்டிக்கப்படவில்லை என்பதும் உண்மை. அந்த வீட்டின் கதையைச் சொன்னவர்கள் அவரது ஆட்டத்தையும் கொல்வினின் வாதத்தையும் சிட்னி ஸ்மித்தின் அறிவையும் விரிவாகச் சொன்னார்கள். தாயை இழந்து, தகப்பனும் சிறையில் இருக்க, நான்கு பிள்ளைகள் அந்த இருபது மாதத்தை எப்படிக் கழித்தார்கள் என்று யாரும் அதிகம் எழுதவில்லை.

இந்த வழக்கைப் படிக்கும்போது திருகோணமலையில் வாழும் ஒருவருக்கு வேறொரு வழக்கு நினைவுக்கு வராமல் போகாது. 2006 ஜனவரி 2 மாலை நம் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பதின்மூன்று ஆண்டுக்குப் பிறகு, 2019 ஜூலையில், குற்றஞ்சாட்டப்பட்ட பதின்மூன்று பேரையும் போதிய சாட்சியம் இல்லையென்று நீதவான் நீதிமன்றம் விடுவித்தது. இங்கிருந்து சாட்சிகள் பயந்து வெளிநாடு போனார்கள். 1953 இல் ஒரு பெண்ணின் மரணத்துக்கு இந்த நாட்டின் நீதிமன்றம் 57 நாள் செலவிட்டது. மணிக்கணக்கையும் நிமிடக்கணக்கையும் வைத்து வாதாடியது. உலகத்தின் மறுமூலையிலிருந்து வந்த நிபுணரைக் கேட்டது. அப்படிச் செய்யத் தெரிந்த நீதித்துறை ஒன்று இங்கே இருந்திருக்கிறது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

பிறகு

விடுதலையானபோது சதாசிவத்துக்கு முப்பத்தேழு வயது. பழைய கொழும்பு அவருக்குப் பழையபடி இல்லை. அவர் சிங்கப்பூருக்குப் போனார். அங்கே சிங்கப்பூர் அணிக்கும் பின்னர் மலாயா அணிக்கும் தலைமை தாங்கினார். மூன்று நாடுகளுக்குத் தலைவர் என்ற அபூர்வமான பெருமை அப்படி வந்தது. அதைப் பெருமையாகச் சொல்கிறோம். ஆனால் ஊரில் தலைநிமிர்ந்து நடக்க இடமின்றிக் கடல்கடந்து போய், அங்கே தன் தொழிலைத் திரும்பத் தொடங்கிய ஒரு மனிதரின் கதையாகவும் அதைப் பார்க்கலாம். நம் குடும்பங்களில் அந்தக் கதை ஒன்றும் புதிதில்லை.

பின்னாளில் கொழும்புக்குத் திரும்பி அங்கேயே வாழ்ந்த அவர் 1977 ஜூலை 9 ஆம் திகதி காலமானார். அதே ஆண்டு ஓவல் மைதானத்துக்கு அதை அமைத்த பி. சரவணமுத்துவின் பெயர் வைக்கப்பட்டது. 1982 பெப்ரவரி 17 ஆம் திகதி இலங்கையின் முதலாவது டெஸ்ட் போட்டி அந்த மைதானத்தில்தான் தொடங்கியது. சதாசிவம் அதைப் பார்க்கவில்லை. பதினேழு மாதம் கழித்து, 1983 கறுப்பு ஜூலையில், கொழும்பின் தமிழர் வீடுகளோடும் கடைகளோடும் சேர்த்துத் தமிழ் யூனியனின் கட்டடமும் எரிக்கப்பட்டது. நாடு தன் முதல் டெஸ்டை ஆடிய இடத்தின் சொந்தக்காரருக்கு அந்த ஆண்டு கிடைத்தது அது. கழகம் பிறகு மீண்டெழுந்தது. முத்தையா முரளிதரன் உலகச் சாதனைக்குப் போனதும் அந்தக் கழகத்திலிருந்துதான்.

எரிந்த கட்டடத்தோடு ஒரு தலைமுறையின் நினைவுகளும் போயின. சதாசிவத்தின் லேட் கட்டை இன்று ஒரு பிள்ளைக்குக் காட்டுவதற்கு நம்மிடம் ஒரு படச்சுருள் இல்லை. ஓட்டக் கணக்கு இருக்கிறது. மற்றதெல்லாம் செவிவழி. பார்த்தவர் சொல்லக் கேட்டவர் சொல்ல, அதைக் கேட்டவர் எழுதுவதைத்தான் நீங்கள் வாசிக்கிறீர்கள்.

இது அவருக்கு மட்டும் நேர்ந்ததல்ல. சம்பூரிலும் மூதூரிலும் குச்சவெளியிலும் இடம்பெயர்ந்து திரும்பியவர்களின் வீடுகளில் கதவு நிலைகூட இருக்கவில்லை. பாடசாலைக் காலத்தில் வாங்கிய கிண்ணமும் மாவட்ட மட்டச் சான்றிதழும் அணியாக நின்று எடுத்த படமும் எங்கே இருக்கப்போகிறது? நூறு மீற்றரில் ஓடியவர், கரப்பந்தில் அடித்தவர், துறைமுகத்தில் வெள்ளைக்காரக் கடற்படையோடு உதைபந்து ஆடியவர் என்று ஊருக்கு ஒருவராவது இருந்தார். அவர்களைத் தெரிந்தவர்கள் வயதாகிக்கொண்டிருக்கிறார்கள். வீட்டில் ஒரு பெரியவர் இருந்தால் இந்த வாரம் அவரிடம் கேட்டு எழுதிவையுங்கள். யார் ஆடினார், எந்த ஆண்டு, எந்த மைதானம், எத்தனை ஓட்டம் என்று. அவர் ஆடப் போனபோது வீட்டைப் பார்த்துக்கொண்டது யார் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.